முன்வீட்டுப் பச்சை

"வெளிச்சம் போதவில்லை. நல்ல வெளிச்சமுள்ள இடத்துக்கு வரவும்" என்று கைப்பேசி ஏழாவது தடவையாகச் சொன்னபோது, அதைத் தூக்கி நெருப்பில் போட்டுவிடலாமா என்றிருந்தது எனக்கு.

நல்ல வெளிச்சமாம்! வட்டவீட்டுக்குள் எங்கே போய் வெளிச்சத்தைத் தேடுவது? சன்னல் கிடையாது. புல்கூரை தரை வரைக்கும் இறங்கியிருக்கும். வாசல் என்று ஒரு பொந்து, அதில் ஏறக்குறையத் தவழ்ந்துதான் நுழைய வேண்டும். நடுவில் நெருப்பு. மேலே பரணில் வருஷத்துச் சோளம், புகை பட்டுப் பட்டுக் கறுத்துத் தொங்குகிறது. நெருப்புக்கு ஒரு முழம் தள்ளி மூங்கில் கட்டில், அதில் என் தம்பி பெண்டாட்டி யூப்லினா. அவள் மடியில் பிறந்து பன்னிரண்டு நாளான பெண் குழந்தை. பிள்ளை பெற்றவள் நாற்பது நாள் அந்த நெருப்பை விட்டு நகரக் கூடாது, பிள்ளையும் நகரக் கூடாது. எங்கள் மலையில் எல்லாரும் இப்படித்தான் வெந்து எழுந்தோம். நான் நாலு தடவை வெந்தவள்.

"அண்ணி, மூச்சு எப்படி வாங்குறா பாருங்க. பாலும் குடிக்கல. காலையிலருந்து வாயில வச்சா விட்டுடறா," என்றாள் யூப்லினா.

"பாத்துக்கிட்டுத்தானே இருக்கேன். இந்தச் சனியன்தான் பாக்க மாட்டேங்குது!"

நான் ஓர்ப்பா, எங்கள் நுனுமெசே ஊரின் சுகாதாரத் தொண்டர். பதினோரு வருஷமாகச் செய்கிறேன். குழந்தைகளை எடை போடுவது, சத்து மருந்து கொடுப்பது, இருமுகிற பிள்ளையின் மூச்சைக் கைக்கடிகாரத்தை வைத்து எண்ணுவது, இவைதான் வேலை. போன வருஷம் மாவட்டத்திலிருந்து ஒரு கைப்பேசியும் இருபத்துமூன்று வெள்ளைப் பெட்டிகளும் கொடுத்தார்கள். பெட்டியை வீட்டில் மாட்டினால் அது புகையை அளக்கும். கைப்பேசியைப் பிள்ளையின் நெஞ்சுக்கு மேலே ஒரு நிமிஷம் பிடித்தால் அது மூச்சை எண்ணும், இருமலைக் கேட்கும். எல்லாவற்றையும் சேர்த்து யோசித்து, எந்த வீட்டுப் பிள்ளைக்கு நெஞ்சுச் சளி வரப்போகிறது என்று வருவதற்கு முன்பே சொல்லிவிடும். செயற்கை நுண்ணறிவாம். வீட்டுக்கு வீடு பச்சை, மஞ்சள், சிவப்பு. சிவப்பு விழுந்த ஊருக்கு டாக்டர் வண்டி போகும். பச்சை ஊருக்கு யாரும் வர மாட்டார்கள், வரத் தேவையில்லையே! கேட்கிறதுக்கு நன்றாகத்தான் இருந்தது.

யூப்லினா டார்ச் லைட்டைப் பிடித்தாள். வெளிச்சத்தில் புகைதான் சுருண்டு சுருண்டு ஓடியது.

"ஆள் யாரும் தென்படவில்லை" என்றது கைப்பேசி.

"ஆள் இல்லையாம்! மூணு பேர் உக்காந்து கண்ணுல தண்ணி விட்டுக்கிட்டு இருக்கோம், ஆள் இல்லையாம்!"

கிட்டே கொண்டுபோனேன். திரையில் ஒரு கட்டம் தோன்றி அங்குமிங்கும் அலைந்து, கடைசியில் யூப்லினாவின் முழங்காலில் போய் உட்கார்ந்துகொண்டது. ஒரு நிமிஷம் கழித்து, மூச்சு முப்பத்தெட்டு, இயல்பு என்று எழுதிக் காட்டியது. முழங்காலுக்கு மூச்சு இயல்பாக இருக்கிறதாம்! தலையில் அடித்துக்கொண்டேன்.

கைப்பேசியைத் தரையில் வைத்துவிட்டுக் கடிகாரத்தைக் கழற்றினேன். குழந்தையின் துணியை விலக்கி, வயிற்றில் விரல் வைத்து எண்ணினேன். எழுபத்தாறு. மறுபடி எண்ணினேன். எழுபத்தாறுதான். அறுபதைத் தாண்டினாலே ஆபத்து. அதோடு ஒவ்வொரு மூச்சுக்கும் விலாவுக்குக் கீழே குழி விழுந்து விழுந்து எழுந்தது. இப்படி இருந்தால் ஒரு நிமிஷம்கூட வீட்டில் வைத்திருக்காதே என்று பயிற்சியில் படித்துப் படித்துச் சொல்லியிருக்கிறார்கள்.

எழுபத்தாறு என்று நானே எண்ணைத் தட்டினேன். கைப்பேசி கொஞ்ச நேரம் யோசித்தது. பிறகு எழுதியது: வீட்டுக் காற்று பச்சை. ஊர் நிலை பச்சை. ஆபத்து குறைவு. எண்ணியதில் பிழை இருக்கலாம். தாய்ப்பால் தொடரவும். இரண்டு நாள் கழித்துப் பார்க்கவும்.

அந்த நேரம் பார்த்து என் தம்பி மெல்கி உள்ளே தவழ்ந்து வந்தான், கையில் குசம்பி மர விறகு. வந்ததும் வராததுமாக இரண்டு கட்டைகளை நெருப்பில் தள்ளினான்.

அவனைச் சொல்லிக் குற்றமில்லை. போன வருஷம் இதே மழைக்காலத்தில் அவனுக்கு முதல் பிள்ளை பிறந்தது. ஆண் பிள்ளை. பதினெட்டாம் நாள் போய்விட்டது. அந்த வருஷம் மழை முந்திக்கொண்டதில் விறகு நனைந்து, நெருப்பு அணைந்து அணைந்து எரிந்தது. பெண்டாட்டிக்கும் பிள்ளைக்கும் ஒழுங்காக நெருப்புப் போட வக்கில்லாதவன் என்று ஊர் வாய் பேசியது. எங்கள் ஊரில் ஆம்பிளைக்கு அதைவிடப் பெரிய அவமானம் இல்லை. மெல்கி இந்த வருஷம் வெயில் காலம் பூராவும் காட்டிலேயே கிடந்து விறகு வெட்டினான். பிளந்து, காயவைத்து, வீட்டைச் சுற்றி மார்பு உயரத்துக்கு அடுக்கினான். இப்போது வட்டவீட்டில் எரிவது ஒரு பிள்ளைக்கான நெருப்பு இல்லை, இரண்டு பிள்ளைக்கானது.

"மெல்கி, பைக்க எடு. புள்ளைய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவணும்."

"என்னக்கா பேசற? பன்னெண்டு நாள்தான் ஆச்சு. நாப்பது முடியாம வெளிய எடுக்கறதா? வெளிய அடிக்கிற குளுரு உனக்குத் தெரியல?"

"மூச்சு எழுபத்தாறுடா!"

"குளுருதான். அதான் வெறகு கொண்டாந்திருக்கேன்."

"வெறகால வந்த வெனைடா இது! புகைய பாரு!"

அவன் என்னைப் பார்த்தான். பிறகு தரையில் கிடந்த கைப்பேசியைப் பார்த்தான்.

"உன் போனு என்ன சொல்லுது?"

நான் கைப்பேசியை எடுத்துத் திரையைக் கவிழ்த்துப் பிடித்தேன்.

"சொல்லேன். என்ன கலரு?"

"பச்சை."

"அப்புறம் என்ன? நீதானே கோயில்ல எல்லார் முன்னாலயும் நின்னு சொன்ன? 'நம்ம ஊரு பூரா பச்சை, நம்ம காத்து சுத்தம், மிஷினு பொய் சொல்லாது'ன்னு? அப்ப பொய் சொல்லாதது இப்ப சொல்லுதா?"

சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அது இதுதான். அவன் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் நான் சொன்னது. பெருமையாகச் சொன்னது.

இந்த இடத்தில் நான் ஒன்றை ஒப்புக்கொண்டாக வேண்டும். எங்கள் ஊரில் எல்லாருக்கும் இரண்டு வீடு. முன்னால் நிற்பது அரசாங்க உதவியில் கட்டின சதுர வீடு. சிமெண்டுச் சுவர், தகரக் கூரை, யேசு படம், கல்யாணப் போட்டோ, பிளாஸ்டிக் பூ. அதில் விருந்தாளி உட்காருவார், வெற்றிலை பாக்கு போடுவார், போய்விடுவார். வேறு யாரும் அங்கே இருப்பதில்லை. பின்னால் இருக்கிற வட்டவீட்டில்தான் சமையல், சாப்பாடு, தூக்கம், பிள்ளைப்பேறு எல்லாம்.

வெள்ளைப் பெட்டிகளைக் கொண்டுபோனபோது ஒவ்வொரு வீட்டுக்காரரும் முன்வீட்டுக் கதவைத்தான் திறந்தார்கள். அரசாங்கம் கொடுத்த சாமான். அதைப் புகையில் கொண்டுபோய்த் தொங்கவிடுவதா? வீடு தேடி வந்த பெரிய மனிதரைப் பன்றிக் கொட்டிலில் உட்காரவைப்போமா? யேசு படத்துக்குப் பக்கத்தில் நல்ல இடமாகப் பார்த்துக் காட்டினார்கள். ஆணி அடித்தது நான். இருபத்துமூன்று ஆணி. 'குழந்தை படுக்கும் இடத்தில் மாட்டவும்' என்று பெட்டியின் முதுகிலேயே எழுதியிருந்தது. எனக்குப் படிக்கத் தெரியும். படித்தேன். போகட்டும், யார் இத்தனை பேரோடு மல்லுக்கு நிற்பது என்று விட்டுவிட்டேன்.

மறுநாளே எல்லாம் பச்சை. ஒரு மாதம் பச்சை, ஆறு மாதம் பச்சை. ஆகஸ்டில் மாவட்டத்திலேயே முதல் புகையற்ற ஊர் என்று ஒரு சான்றிதழ் கொடுத்தார்கள். எனக்குத் தோளில் நெய்த துணி போர்த்திப் போட்டோ எடுத்தார்கள். அப்போதும் வாயைத் திறக்கவில்லை. கைதட்டுகிறவர்கள் முன்னால் யாருக்குத்தான் வாய் வரும்?

மெல்கியின் முன்வீட்டுப் படியில்தான் சிக்னல் கிடைக்கும். அங்கே போய் நின்று ஹெங்கி சாரைக் கூப்பிட்டேன். சுகாதார நிலையத்தில் இந்தக் கைப்பேசிக் கணக்கையெல்லாம் பார்ப்பவர் அவர். சின்ன வயசு, மரியாதையான பேச்சு. ஆனால் வாய்க்கு வாய் மிஷின்தான்.

"அம்மா, உங்க ஊர்ப் பக்கத்த இப்பத்தான் தொறந்தேன். எல்லாம் பச்சையா இருக்கே?"

"பச்சை கெடக்கட்டும் சார். புள்ள மூச்சு எழுபத்தாறு. நெஞ்சு உள்ள போவுது. வண்டி அனுப்புங்க."

"எண்ணும்போது தப்பாயிருக்கும்னு மிஷின் சொல்லுதும்மா. அதுவே எண்ணினப்ப முப்பத்தெட்டுன்னு வந்திருக்கே?"

"அது எண்ணினது முழங்கால சார்!"

"என்னது?"

"முழங்காலு! பதினோரு வருஷமா எண்ணுறேன் சார், எனக்குத் தெரியாதா? உங்க மிஷினு எத்தன புள்ள வளத்திருக்கு?"

"கோவப்படாதீங்கம்மா. ஒரே வண்டி. ரெண்டு ஊர்ல சிவப்பு விழுந்திருக்கு, அங்க போவணும். பச்சை ஊருக்கு நானா அனுப்பினா மேலதிகாரிங்களுக்கு என்னால பதில் சொல்ல முடியாது. நீங்க வேணா தனியா கூட்டிட்டு வந்துடுங்களேன்."

கூட்டிக்கொண்டு வருவதாம். தகப்பன் வண்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு நிற்கிறான், மிஷின் சொல்லட்டும் என்கிறான். மிஷினோ ஊரைக் கேள் என்கிறது. இவரோ மிஷினைக் கேள் என்கிறார். செக்குமாடு மாதிரி நான் சுற்றிச் சுற்றி வருகிறேன். உள்ளே அந்தச் சின்ன நெஞ்சு குழி விழுந்து விழுந்து எழுகிறது.

அப்போதும் நான் உண்மையைச் சொல்லவில்லை. புத்திசாலித்தனம் பண்ணப் பார்த்தேன். நேரே முன்வீட்டுக்குள் போய், யேசு படத்துக்குப் பக்கத்திலிருந்த பெட்டியைக் கழற்றி, வட்டவீட்டுக்குள் கொண்டுபோய் கட்டிலுக்குப் பக்கத்துக் கம்பத்தில் கட்டினேன். புகை அளவு ஒன்பது என்று காட்டிக்கொண்டிருந்த எண் இருநூறு, நானூறு, எண்ணூறு என்று ஏறியது. இப்போது சிவப்பு விழுந்தே ஆக வேண்டும், வண்டி வந்தே ஆக வேண்டும் என்று மறுபடி படிக்கு ஓடி வந்து திரையையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

பத்து நிமிஷம் கழித்துச் செய்தி வந்தது: கருவிக் கோளாறு. இவ்வீட்டில் இதுவரை இல்லாத அளவு. பழுது பார்ப்பவர் வியாழக்கிழமை வருவார். அதுவரை பழைய நிலையே கணக்கில் கொள்ளப்படும். பச்சை.

ஐயோ என்று வாய்விட்டே கத்திவிட்டேன். ஒரு வருஷம் அதற்குப் பொய்யை ஊட்டி வளர்த்தது நான். இப்போது உண்மையைக் காட்டினால் கோளாறு என்று துப்புகிறது.

மெல்கி படியில் உட்கார்ந்து பாக்கை மென்றுகொண்டே சிரித்தான். "மிஷினையே ஏமாத்தப் பாத்தியாக்கா? உன்ன விட அதுக்கு மூளை ஜாஸ்தி. விடு, வெறகு இருக்கு, நான் பாத்துக்கறேன். போன தடவ மாதிரி விட மாட்டேன்."

கடைசியில் சொன்னதுதான் என்னைக் குத்தியது. உள்ளே யூப்லினா, "அண்ணி, அண்ணி" என்று இரண்டு தடவை கூப்பிட்டாள். குழந்தை அழுகிற சத்தம் வரவில்லை. அழுதால்கூடத் தேவலை என்று இருந்தது.

மறுபடி ஹெங்கியைக் கூப்பிட்டேன். நாலடி தள்ளிப் போய்ப் பேசியிருக்கலாம். தம்பி காதில் விழாமல் பேசியிருக்கலாம். ஸ்பீக்கரைப் போட்டேன்.

"சார், கருவி கெட்டுப் போவல. நான்தான் தப்புப் பண்ணினேன். இருவத்துமூணு பெட்டியையும் முன்வீட்டுல மாட்டினேன். அங்க யாரும் படுக்கறதில்ல, சமைக்கறதில்ல. புள்ளைங்க எல்லாம் பின்னால, புகையிலதான் கெடக்குது. ஒரு வருஷமா உங்க மிஷினுக்கு ஆளில்லாத ரூமோட காத்தைத்தான் காட்டியிருக்கேன்."

ஹெங்கி மெல்லக் கேட்டார்:

"தெரியாம மாட்டினீங்களா?"

"தெரிஞ்சுதான். எழுதியிருந்ததப் படிச்சேன்."

"அம்மா... அப்போ போன வருஷம் உங்க ஊர்ல எறந்துபோன ரெண்டு குழந்த? வீட்டுக் காத்து பச்சை, அதனால புகை காரணமில்லன்னு எழுதி மூடிட்டோமே?"

"ஆமா சார். அதுவும் தப்பு."

மெல்கியின் வாய் மெல்லுவதை நிறுத்தியது. எழுந்து நின்றான்.

"என் பையனுக்கும் பச்சையா?"

"ஆமாடா."

"அது நெஜப் பச்சை இல்ல."

"இல்ல."

"நெருப்பு பத்தாமதான் போனான்னு..." அடுக்கியிருந்த விறகைத் திரும்பிப் பார்த்தான். "ஒரு வருஷமா நான் வெறகு வெட்டினேன்."

"நெருப்பு கம்மியானதால இல்லடா. ஈர வெறகு, அதோட புகை. அதான்."

"உனக்குத் தெரியுமா?"

"சந்தேகம் இருந்துச்சு."

"எப்போலேர்ந்து?"

பொய் சொல்ல ஒரு நொடி இருந்தது. நேற்றுதான் தோன்றியது என்று சொல்லியிருக்கலாம். அவனும் நம்பியிருப்பான்.

"அவன அடக்கம் பண்ணின அன்னிலேர்ந்து."

அடிப்பான் என்று நினைத்தேன். அடித்திருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். அவன் என் பக்கம் திரும்பவே இல்லை. குனிந்து வட்டவீட்டுக்குள் போனான். தண்ணீர்ப் பானையைத் தூக்கி நெருப்பில் கொட்டுகிற சத்தம் கேட்டது. கூரை பூராவும் ஆவியும் சாம்பலும் வந்தது. அதற்குள்ளிருந்து குழந்தையைப் போர்வையில் சுற்றி மார்போடு பிடித்துக்கொண்டு வந்தான், பின்னாலேயே இருமிக்கொண்டு யூப்லினா.

ஹெங்கி இன்னும் பேசிக்கொண்டிருந்தார். "அம்மா, நான் வண்டிய ஆத்துப் பாலம் வரைக்கும் அனுப்பறேன். மேல நான் பேசிக்கறேன். பாலத்துக்கு வந்துடச் சொல்லுங்க, ஆக்சிஜன் வண்டியிலயே இருக்கு." கடைசியில் மிஷினைக் கேட்காமலே அந்த மனுஷன் ஒரு காரியம் செய்தார். நல்லா இருக்கட்டும்.

மெல்கி வண்டியைக் கிளப்பினான். யூப்லினா குழந்தையோடு பின்னால் ஏறினாள். நானும் ஓடிப் போய்க் குடையை விரித்தேன்.

"நீ வராத," என்றான்.

போய்விட்டார்கள். மழையில் குடையைப் பிடித்துக்கொண்டு நான் மட்டும் நின்றேன்.

மூன்று நாள் தகவல் இல்லை. இருந்தது, எனக்கு இல்லை. மெல்கி பக்கத்து வீட்டு அடோனியாவின் போனுக்குத்தான் செய்தி அனுப்பினான். அடோனியா வந்து சொல்லித்தான் எனக்குத் தெரியும். பாலத்திலேயே ஆக்சிஜன் வைத்தார்களாம், ஊசி போடுகிறார்களாம், இன்னும் ஒன்றும் சொல்ல முடியாதாம். எனக்குச் சோறு இறங்கவில்லை. சும்மா உட்கார்ந்திருந்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்று, ஒவ்வொரு வீடாகப் போய்ப் பெட்டிகளைக் கழற்றி வட்டவீடுகளுக்குள் மாட்ட ஆரம்பித்தேன்.

அதற்கு அவர்கள் பண்ணின ரகளை இருக்கிறதே! "ஓர்ப்பா, உனக்குக் கிறுக்குப் பிடிச்சிருக்கா? கறுத்துப் போயிடுமே!" என்றாள் ஒருத்தி. "போன வருஷம் இங்கதான் நல்லாருக்குன்னு நீதானே சொன்ன?" என்றார் இன்னொருவர். "சொன்னேன், தப்பாச் சொன்னேன், இப்ப நகருங்க" என்று இருபத்திரண்டு தடவை சொன்னேன். ஒருவர் பெட்டிக்கு மாலை போட்டு வைத்திருந்தார். மாலையோடு கழற்றிக்கொண்டு போனேன்.

மறுநாள் காலையில் ஹெங்கி போனில் அலறினார். "அம்மா, இருவத்துமூணு கருவிக் கோளாறு!"

"ஒரு பெட்டி கெட்டா கோளாறு சார். ஊர்ல இருக்கறது அத்தனையும் ஒரே நாள்ல கெடுமா? உங்க மிஷினுக்குச் சொல்லிக் கொடுங்க. பழசு பூரா பொய், அழிச்சுட்டு இன்னிலேர்ந்து கத்துக்கச் சொல்லுங்க."

நாலு நாளில் அது கற்றுக்கொண்டது. எங்கள் ஊர் பூராவும் சிவப்பாக எரிந்தது. டாக்டர் வண்டி வாரம் இரண்டு தடவை வர ஆரம்பித்தது. சான்றிதழைத் திருப்பிக் கேட்டுக் கடிதம் வந்தது. என்னைத் தொண்டர் வேலையில் வைத்திருப்பதா வேண்டாமா என்று யோசிக்கிறார்களாம். யோசிக்கட்டும்.

ஒன்பதாம் நாள் மதியம் மெல்கியின் வண்டிச் சத்தம் கேட்டது. நான் அவன் முற்றத்துக்கு ஓடினேன். யூப்லினா இறங்கிக் குழந்தையை என் கையில் கொடுத்தாள். மூக்கில் குழாய் ஒட்டியிருந்த இடத்தில் தோல் சிவந்திருந்தது. மற்றபடி கண்ணைத் திறந்து என்னை முறைத்தாள், பசியில் வாயைக் கோணிக்கொண்டு அழுதாள். நல்ல சத்தமான அழுகை. நானும் சேர்ந்து அழுதேன்.

மெல்கி வண்டியை நிறுத்திவிட்டு வட்டவீட்டு வாசலிலிருந்து மூங்கில் கட்டிலை வெளியே இழுத்துப் போட்டான். இரண்டு வீட்டுக்கும் நடுவில் நின்றான். நான் மூன்றடி தள்ளித்தான் நிற்கிறேன். அவன் பெண்டாட்டியைப் பார்த்துச் சொன்னான்:

"அவகிட்ட கேளு, புள்ளைய எங்க படுக்க வைக்கறதுன்னு."

"முன்வீட்டுல. சன்னல் ஓரமா," என்றேன். "குளுருக்கு ரெண்டு போர்வ போதும். அம்மா நெஞ்சு மேலேயே படுத்துக்கட்டும்."

அவன் காதில் விழுந்தது. விழாமல் எப்படி இருக்கும்? ஆனாலும் அசையாமல் நின்றான். "முன்வீட்டுலயாம், சன்னல் ஓரமாம்" என்று யூப்லினா இன்னொரு தடவை சொன்ன பிறகுதான் கட்டிலைத் தூக்கினான்.